போன வழியில் திரும்பாதவர்

எங்கள் தெருவுக்குத் தார் போடப் போகிறார்கள் என்று ஜல்லியைக் கொண்டுவந்து பரப்பிவிட்டு, இரண்டு வாரமாக ஆளையே காணோம். இன்று காலை பால்காரர் அதன்மேல் சைக்கிளை ஓட்டிக்கொண்டு வந்தார். கரகரவென்று ஒரு சத்தம். வறுத்த கடலையை யாரோ காதுக்குப் பக்கத்தில் வைத்து மெல்லுகிற சத்தம். ஜன்னலுக்குப் போனேன், கதவுக்கு வந்தேன், மறுபடியும் ஜன்னலுக்குப் போனேன். பால்காரர் போய் வெகுநேரம் ஆகியும் சத்தம் நிற்கவில்லை. அது இந்த ஊர்ச் சத்தமே இல்லை. முப்பது வருஷத்துக்கு முன்னால் காஞ்சிபுரத்தைச் சுற்றி ஓடிய கப்பி ரோடுகளின் சத்தம். வேட்டியை மடித்துக் கட்டி, முதுகை நிமிர்த்தி, எந்த அவசரமும் இல்லாமல் மிதித்துக்கொண்டு அதன்மேல் ஒருவர் போகிறார். எனக்கு முன்னால், எப்போதும் ஒரு சக்கரம் முன்னால்.

பெரிய காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டுக்கு ஆறாவது வீடு அவருடையது. அவரும் பட்டுத் தறிக்காரர், நானும் பட்டுத் தறிக்காரன். எனக்கு அப்போது இருபத்துநாலு வயது. அவருக்கு முப்பது இருக்கலாம். மாதம் முழுக்க இரண்டு பேருக்கும் கால் தறிக்குழிக்குள்தான், கை ஊடு நூல் சுமக்கிற நாடாவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எறிந்துகொண்டே இருக்கும். அமாவாசை அன்று மட்டும் எங்கள் தெருவில் ஒரு தறியும் ஓடாது. எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் சத்தம் நின்றுபோனால் தெருவே மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பதாகத் தோன்றும். அந்த மௌனத்துக்குள் மூன்று சைக்கிள்கள் மணியடித்துக்கொண்டு கிளம்பும். அவர், நான், தெருக்கோடிச் சாயக்காரர். சாயக்காரருக்கு முழங்கை வரைக்கும் அரக்குச் சிவப்பு ஏறியிருக்கும். எத்தனை தேய்த்துக் குளித்தாலும் போகாது. கையுறை போட்ட துரை என்று அவரே தன்னைச் சொல்லிக்கொள்வார்.

மூன்றுமே வெள்ளைக்காரன் காலத்துச் சீமை சைக்கிள்கள். நாங்கள் பிறப்பதற்கு முன்னால் கப்பலேறி வந்தவை. புது வண்டி ஓட்டுகிறவனை நாங்கள் மதிப்பதில்லை. பழைய வண்டி ரோட்டின் ஒவ்வொரு கல்லையும் உள்ளங்கைக்குச் சொல்லிவிடும். பிரேக் பிடித்தால் கம்பிகள் எல்லாம் சேர்ந்து முனகும். அந்த முனகலைக் கேட்கத்தான் போகிறோமோ என்றுகூட எனக்குத் தோன்றியதுண்டு.

ஆறாவது வீட்டுக்காரருடையது பெண்கள் ஓட்டுகிற சைக்கிள். நடுவில் குறுக்குக் கம்பி கிடையாது. கழுத்தை வளைத்த மாதிரி ஒரு வளைவு. ஊரைவிட்டுப் போன ஒரு வெள்ளைக்கார நர்சம்மாவிடமிருந்து அவருடைய அப்பா வாங்கியது. கவுன் சக்கரத்தில் மாட்டிக்கொள்ளாமல் இருப்பதற்காகப் பின்சக்கரத்தின் இரண்டு பக்கமும் கயிறு பின்னியிருப்பார்கள். அந்தக் கயிறு எப்போதோ மக்கிப்போய்விட்டது. தறியில் பாவு அறுத்தபின் மிஞ்சுகிற பட்டு நூலை முறுக்கி, கிளிப்பச்சை, அரக்கு, மாம்பழ மஞ்சள் என்று மாற்றி மாற்றி அவர் அந்த இடத்தைப் பின்னி வைத்திருந்தார். காலை வெயில் பட்டால், கப்பி ரோட்டுப் புழுதிக்கு நடுவில் ஒரு மயில் உட்கார்ந்து போகும்.

"இன்னாபா, மறுபடியும் பொம்பள வண்டிதானா?" என்பார் சாயக்காரர், மாதம் தவறாமல்.

"வேட்டி கட்டினவனுக்கு இதான்பா வண்டி. நீ ஒவ்வொரு தபாவும் காலத் தூக்கிப் போட்டு ஏர்றச்ச, ரோட்ல போறவங்க கண்ண மூடிக்கினு போறாங்க. உனுக்குத் தெரியல."

எங்கே போகிறோம் என்று முன்கூட்டித் தீர்மானிப்பதில்லை. தெருமுனையில் அவர் ஒரு காலை ஊன்றி நின்று, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்ப்பார். அந்தப் பக்கம் ஹாண்டில் திரும்பும். தாமல் ஏரிக்கரை, பாலாற்று மணல், ஏனாத்தூர் தாண்டிய வண்டிப்பாட்டைகள். போகிற வழி எதுவாகவும் இருக்கலாம். திரும்பி வருகிற வழி மட்டும் போன வழியாக இருக்கக்கூடாது. அது ஒன்றுதான் அவருடைய சட்டம். வேறு ரோடு இல்லையென்றால் வண்டிப்பாட்டை. வண்டிப்பாட்டை இல்லையென்றால் வரப்பு. வரப்பும் இல்லையென்றால் அவர் நின்று, வேர்க்கடலைக் கொல்லையையோ முள்ளுக்காட்டையோ உற்றுப் பார்ப்பார். பார்த்துக்கொண்டே இருந்தால் அது வழிவிட்டுவிடும் என்று நம்புகிறவரின் பார்வை அது. பல தடவை விட்டுமிருக்கிறது.

ஒரு தடவை, ஓரிக்கைப் பக்கத்தில் பாலாற்றைக் குறுக்கே கடந்து வந்தோம். சித்திரை வெயில். சக்கரம் உருளாத மணல். மூன்று பேரும் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டோம். நடு ஆற்றில் சாயக்காரர் நின்றுவிட்டார்.

"ஒரு சந்தேகம்பா. சைக்கிள் மேல நாம வந்துக்கினு இருக்கமா, நம்ம மேல சைக்கிள் வந்துக்கினு இருக்குதா?"

"பேசாம நட. அதுக்கும் ஒரு நாளு லீவு வோணாமா?" என்றார் இவர்.

ஏன் இப்படி என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். சாயக்காரரிடம் சொன்னது: "மாசம் பூரா நாடா போன வழியிலயே திரும்பி வருது. அத்தப் பாத்துப் பாத்து எனக்குக் கொமட்டுதுப்பா. ஒரு நாளாச்சும் போனது போனதா இருக்கட்டும்." ஏனாத்தூர் டீக்கடைக்காரரிடம் சொன்னது: "அந்தப் பக்கம் ஒரு நாய் இருக்குது, அதுக்கும் எனக்கும் ஆவாது." என்னிடம் சொன்னது: "ஒரே ரோட்ல ரெண்டு தபா போனா அது தேஞ்சிடும்பா." சொல்லிவிட்டு மூன்று பேரிடமும் ஒரே மாதிரி சிரித்திருக்கிறார். நான் அந்தச் சிரிப்பைத்தான் பதிலாக எடுத்துக்கொண்டேன்.

பழைய சீமை வண்டிக்காரர்களுக்காக ஒரு வருஷம் ஒரு பந்தயம் வைத்தார்கள். பிள்ளையார் கோயிலில் கிளம்பி, கப்பி ரோட்டில் ஆறு மைல் போய், ஓர் ஏரி மதகைத் தொட்டுவிட்டுத் திரும்ப வேண்டும். பதினோரு பேர் ஓட்டினோம். மதகை முதலில் தொட்டவர் அவர்தான். நானே கண்ணால் பார்த்தேன். தொட்டவர் எங்களைப் பார்த்துக் கையை ஆட்டிவிட்டு, அப்படியே ஏரிக்கரைமேல் ஏறி எதிர்ப்பக்கம் போய்விட்டார். மாலை போட்டு, சோடா குடித்து, கூட்டம் கலைந்த பிறகுதான் வந்து சேர்ந்தார். ஹாண்டிலில் வெள்ளரிப்பிஞ்சு ஒரு கட்டு தொங்கியது.

"ஜெயிச்சிருக்க வேண்டியவன்யா நீ!" என்று கத்தினார் சாயக்காரர்.

"ஜெயிச்சுட்டுதான் வரேன். நீங்க பத்து பேரும் சேந்து ஒரே ரோடுதான பாத்தீங்க? நான் ஒண்டி ஆளு ரெண்டு பாத்தேன். இந்தா, பிஞ்சு துண்ணு."

இவரால் யாருக்காவது சிரமம் என்றால் அவருடைய அம்மாவுக்குத்தான். அமாவாசை அன்று இறந்தவர்களுக்குப் படையல் போட்டு, காக்காய்க்கு முதல் பிடி வைத்துவிட்டுத்தான் வீட்டில் சாப்பிடுவார்கள். படையலுக்கு மகன் வேண்டும். மகன் எந்த வரப்பில் இருக்கிறானோ! அந்த அம்மாள் தண்ணீர்கூடக் குடிக்காமல் வாசற்படியில் நின்றிருப்பாள். அவர் வந்து இறங்கியதும் திட்டமாட்டாள். ஒரே கேள்வி.

"எந்த வழியாடா வந்தே?"

அவர் ஊர்ப்பேர்களை வரிசையாகச் சொல்வார். அந்த அம்மாள் கண்ணை மூடிக் கேட்பாள். கேட்டு முடித்தபின்தான் இலை விழும்.

எனக்கு அது விளையாட்டாகத்தான் பட்டது. ஒருநாள் கேட்டுவிட்டேன், "நீங்களாவது கண்டிக்கக் கூடாதாம்மா?" என்று. அவர் குளிக்கப் போயிருந்தார். அந்த அம்மாள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அவங்க நைனாவுக்கு மஞ்சக்காமாலை. வாலாஜாபாத்துக்கு அந்தாண்ட ஒரு கிராமத்துல பச்சிலை குடுக்கறாங்கன்னு சொன்னாங்க. இதே வண்டியில பின்னாடி குந்த வச்சு இட்டுக்கினு போனான். வழி பூரா பேசிக்கினே போயிருக்காரு. மருந்தக் கையில வாங்கறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிடுச்சு. மாட்டுவண்டியில அவர ஏத்தி முன்னாடி அனுப்பிட்டு, இவன் காலி வண்டிய மிதிச்சுக்கினு அதே வழியில வந்தான். ஒரு கைய பின்னாடி வுட்டு கேரியரத் தொட்டுத் தொட்டுப் பாத்துக்கினே வந்திருக்கான். வூட்டுக்கு வந்தப்போ கை பூரா துரு."

சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். அதற்குப்பிறகு எந்த வரப்பில் சைக்கிளைத் தூக்கச் சொன்னாலும் நான் பேசாமல் தூக்கினேன்.

ஓர் ஆடி அமாவாசைக்குத் தென்னேரிப் பக்கம் போனோம். ஏனாத்தூரில் டீ குடித்து, சரளைப் பாட்டையில் இறங்கி, ஏரிக்கரை ஏறியபோது தண்ணீர் தகதகத்தது. கரையிலிருந்து இறங்குகிற சரிவில் புதிதாக ஜல்லி கொட்டியிருந்தார்கள். "அதுல உருட்டினா சத்தம் சோக்கா இருக்கும், வாங்க" என்று அவர் முதலில் இறங்கினார். கரகரவென்று அந்தச் சத்தம் எழுந்தது. எனக்கு உடம்பெல்லாம் துள்ளியது. பிரேக்கை விட்டுவிட்டேன். முன்சக்கரம் ஜல்லிக்குள் புதைந்து நின்றது, நான் நிற்கவில்லை.

எழுந்து பார்த்தபோது வலது மணிக்கட்டு என்னுடையதாகவே இல்லை. அகப்பைக் காம்பு மாதிரி வளைந்திருந்தது.

"நாடா எறியற கைப்பா," என்றார் சாயக்காரர். சொல்லியிருக்கவே வேண்டாம். எங்கள் தெருவில் எல்லாருக்கும் அது தெரியும். ஒரு கை எறிய, ஒரு கை வாங்க, ஒரு நாளைக்கு எத்தனை ஆயிரம் தடவையோ. அந்தக் கை போனால் தறி போயிற்று.

அவர் என் கையைத் தன் இரண்டு உள்ளங்கைக்குள்ளும் வைத்துப் பார்த்தார்.

"வீங்கறதுக்குள்ள கட்டு போடுறவருகிட்ட போவணும். வீங்கிட்டா எலும்பு சேராது."

வந்த வழியிலேயே திரும்பினால் ஒன்றரை மணி நேரம். ஏரியைச் சுற்றிக்கொண்டு வாலாஜாபாத் வழியாகப் போனால் மூன்று மணி நேரத்துக்குக் குறையாது. இது மூன்று பேருக்கும் தெரியும். கடைசியில் சாயக்காரர், விளையாட்டையெல்லாம் விட்டுவிட்டு, மெதுவாகச் சொன்னார்: "நான் இட்டுக்கினு போறேன்பா. நீ உன் வழியில வா."

"உன் வண்டியில கேரியர் எங்க இருக்குது?" என்றார் அவர். தோளில் கிடந்த துண்டை எடுத்து என் கையை மார்போடு சேர்த்துக் கட்டினார். "அவன் வண்டிய நீ உருட்டிக்கினு வா. யோவ், ஏறு பா. இடது கையால என் இடுப்பப் புடிச்சுக்கோ. எடுக்காத. இன்னா ஆனாலும் எடுக்காத."

வண்டியை வந்த திசைக்குத் திருப்பினார்.

ஒவ்வொரு கல்லும் என் எலும்புக்குள் புகுந்து வந்தது. அவர் ஜல்லியை விட்டு, ஓரத்தில் மணல் படிந்த ஒரு சாண் இடத்தைத் தேடித் தேடி ஓட்டினார். ஒரு பர்லாங்கு போயிருக்கும்.

"இருக்கியா?"

"இருக்கேண்ணா."

இன்னும் ஒரு பர்லாங்கு.

"இருக்கியாபா?"

"இருக்கேன்."

வலியில் முதலில் எரிச்சலாக இருந்தது. இடுப்பைப் பிடித்துக்கொண்டுதானே இருக்கிறேன், தெரியவில்லையா என்று. பிறகு அந்த அம்மாள் சொன்னது ஞாபகம் வந்தது. அதற்குப்பிறகு அவர் கேட்பதற்கு முன்னாலேயே நான் சொல்ல ஆரம்பித்தேன். இருக்கேண்ணா. இருக்கேண்ணா. சட்டை நனைந்து அவர் முதுகோடு ஒட்டியிருந்தது. பாதி வழியில் தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற மாதிரி பேசினார். "இந்த ஆலமரம் வர்றச்ச வலது பக்கம் இருந்துச்சு. இப்போ பாரு, இடது பக்கம் வந்துடுச்சு." கொஞ்ச தூரம் கழித்து, "பனைமரமும்தான்" என்றார்.

ஏனாத்தூர் டீக்கடைக்காரர் கையில் கிளாசோடு வெளியே வந்து சிரித்தார்.

"இன்னாபா அதிசயமா இருக்குது! இதே வழியில வர? அந்த நாய் செத்துப்போச்சா?"

அவர் நிறுத்தவில்லை. தலையையும் திருப்பவில்லை.

வீக்கம் ஏறுவதற்குள் கட்டுப் போடுகிறவர் வீட்டுக்குப் போய்விட்டோம். எலும்பை இழுத்து உட்கார வைக்கும்போது நான் போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டிருக்கும். உளுந்தும் முட்டையும் குழைத்துப் பற்றுப் போட்டு, மூங்கில் தப்பை வைத்துக் கட்டினார். "நல்ல நேரத்துல இட்டுக்கினு வந்தே. இன்னும் ஒரு மணி நேரம் ஆயிருந்தா என் கையில ஒண்ணும் இல்ல" என்றார் அவரிடம்.

அவருடைய வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது உச்சி தாண்டிவிட்டது. அந்த அம்மாள் வாசற்படியில்தான் நின்றிருந்தாள். உதடு காய்ந்து வெளுத்திருந்தது.

"எந்த வழியாடா வந்தே?"

அவர் ஸ்டாண்டு போட்டார். ரொம்ப நேரம் போட்டார்.

"போன வழியிலயே வந்தேம்மா."

அந்த அம்மாள் அவரைப் பார்த்தாள். கேரியரில் இன்னும் இறங்காமல் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தாள். என் தோளைத் தொட்டாள். உள்ளே கூட்டிக்கொண்டு போய் உட்கார வைத்தாள். படையலுக்கு வைத்திருந்த முதல் சோற்றை எடுத்து என் முன்னால் போட்டாள். காக்காய் மதில்மேல் உட்கார்ந்து கத்திக்கொண்டே இருந்தது. "இரு, உனுக்கு அப்புறம்" என்றாள் அதனிடம். வலது கை கட்டில் இருந்ததால் அவர்தான் சோற்றைப் பிசைந்து என் இடது கையில் உருண்டை உருண்டையாக வைத்தார்.

இங்கே நிறுத்திவிட்டால் நன்றாக இருக்கும். நிறுத்தினால் அவரைப் பாதிதான் சொன்னவனாவேன். என்னைக் கால்வாசிகூடச் சொன்னவனாகமாட்டேன்.

என் தறியில் பாதிப் புடவை நின்றிருந்தது. தன் தறியை முடித்துவிட்டுச் சாயங்காலத்தில் வந்து அவரே அதை நெய்து முடித்தார். கட்டுப் பிரித்த பிறகு தினமும் வருவார். "திருப்பு பா, பாக்கலாம்." திருப்புவேன். "வலிக்குதா?" "வலிக்குதுண்ணா." இரண்டு மாதம் அது உண்மை. மூன்றாவது மாதம் ஒரு பகலில் வீட்டில் யாரும் இல்லை. தறியில் உட்கார்ந்து நாடாவை எறிந்து பார்த்தேன். முழு அகலமும் வழுக்கிக்கொண்டு போய் இடது கையில் விழுந்தது. திரும்ப எறிந்தேன், வாங்கினேன். ஒரு சின்ன வலிகூட இல்லை. சட்டென்று எழுந்து, யாராவது பார்த்துவிட்டார்களா என்று வாசலைப் பார்த்தேன்.

தறி எனக்குப் பிடிக்கவே இல்லை. பதினைந்து வயதிலிருந்தே பிடிக்கவில்லை. அப்பாவிடம் அதைச் சொல்லுகிற தைரியம் கிடையாது. உடைந்த கை என் சார்பாகச் சொல்லிக்கொண்டிருந்தது. அன்று சாயங்காலம் அவர் வந்து "வலிக்குதா?" என்றார். "வலிக்குதுண்ணா" என்றேன்.

அதை வீட்டில் நம்பினார்கள். தெரு நம்பியது. மறந்தும்போனது. அவர் ஒருவர்தான் அதைத் தூக்கிச் சுமந்தார். "நான்தான ஜல்லியில இறங்கலாம்னு சொன்னேன்," என்று சாயக்காரரிடம் சொல்லியிருக்கிறார். அமாவாசை சவாரியை விட்டுவிட்டார். காலையிலேயே என் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து, வேப்பெண்ணெயைச் சூடாக்கி என் மணிக்கட்டில் தேய்ப்பார். சக்கரத்துப் பட்டெல்லாம் புழுதி ஏறி மங்கிப்போயிற்று. சாயக்காரர் தனியாகப் போய்ப் பார்த்து, "மூணாவது ஊர்லயே போரடிச்சுப்போச்சு, சண்ட போட ஆளில்ல" என்று திரும்பி வந்துவிட்டார். இத்தனைக்கும் ஒரே ஒரு வார்த்தை போதும். அந்த வார்த்தை என்னிடம் இருந்தது. ஒவ்வொரு அமாவாசையும் அதை விழுங்கினேன்.

மெட்ராசில் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிற வேலை கிடைத்தது. அவர்தான் என் டிரங்குப் பெட்டியைக் கேரியரில் வைத்துக் கட்டி, பஸ் ஸ்டாண்டுவரை உருட்டிக்கொண்டு வந்தார். பஸ்ஸின் கூரைமேல் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நான் பெட்டியில் கையை வைத்ததும் பதறிப்போய்த் தட்டிவிட்டார்.

"அந்தக் கையால தூக்காதபா. வுடு, நான் ஏத்தறேன்."

எனக்கு என்ன ஆயிற்றோ தெரியாது. அவரை விலக்கிவிட்டு, வலது கையால் பெட்டியின் பிடியைப் பிடித்து, ஒரே தூக்கில் தலைக்குமேலே உயர்த்திக் கூரைமேல் இருந்த ஆளிடம் கொடுத்தேன். அவருடைய கண் பெட்டியோடு மேலே போயிற்று. பிறகு என் மணிக்கட்டுக்கு இறங்கி வந்து அங்கேயே நின்றது.

"எப்போலேர்ந்து?" என்றார்.

"மூணாவது மாசத்துலேர்ந்தே சரியாப் போச்சுண்ணா. தறிதான் எனக்குப் புடிக்கல. எப்பவுமே புடிக்கல. உங்ககிட்ட சொல்லியிருக்கணும். சொல்லல."

கண்டக்டர் விசில் அடித்தார். பஸ் உறுமியது. நான் படியில் ஏறினேன். அவர் திட்ட வேண்டும், காறித் துப்ப வேண்டும், குறைந்தபட்சம் முகத்தைத் திருப்பிக்கொண்டு போக வேண்டும் என்று காத்திருந்தேன். பஸ் நகர்ந்தது. அவரும் சைக்கிளை உருட்டிக்கொண்டு பக்கத்திலேயே நாலு எட்டு ஓடிவந்தார். முகம் கோணியது. அழுகிறாரோ என்று நினைத்தேன். அழவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க வாங்க, அந்த பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி சிரித்துக்கொண்டு கத்தினார்:

"அடப்பாவி! தறி புடிக்கலன்னு அன்னைக்கு ஏரிக்கரையிலயே சொல்லியிருந்தா, சுத்து வழியா வந்திருப்பேனேடா!"